குடும்பத்தோடு கென்யா சஃபாரி: முதல் நாளை எங்கே வைத்துக்கொள்வது?

கென்யா போவது என்று முடிவெடுத்த குடும்பங்கள், மாதம், பட்ஜெட், யார் யார் வருகிறார்கள் என்பதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, முதல் நாள் திட்டத்தில் வந்து நின்றுவிடுகின்றன. ஒரு பயண ஏற்பாட்டாளர் 'நைரோபி வருகை, மாசாய் மாரா பயணம், மாலையில் சஃபாரி' என்று எழுதியிருப்பார் (மாசாய் மாரா புகழ்பெற்ற வனவிலங்குக் காப்பகம், சுருக்கமாக மாரா). இன்னொருவர் முதல் இரவை நைவாஷா ஏரியில் போட்டிருப்பார். மூன்றாமவர், சாலையே வேண்டாம், சின்ன விமானத்தில் போய்விடுங்கள் என்பார். அம்போசெலி என்ற யானைப் பூங்காவில் ஆரம்பியுங்கள் என்று சொல்பவரும் உண்டு. எல்லாமே நல்ல இடங்கள்தான். அதனால்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டு விலங்குகளைப் பார்க்க நல்ல நேரம் விடியலிலிருந்து காலை ஒன்பது மணி வரை. வந்து இறங்கும் நாளில் அந்த நேரம் பெரும்பாலும் விமானத்திலோ குடியேற்ற வரிசையிலோ போய்விடும். ஆகவே முதல் நாளில் எத்தனை விலங்கு பார்த்தோம் என்று கணக்குப் போடுவதைவிட, மறுநாள் விடியற்காலை குடும்பம் முழுவதும் தெளிவாக, உற்சாகமாக வண்டியில் ஏறுமா என்று கேட்பதுதான் சரி. கீழே உள்ள ஐந்து வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடை போட்டிருக்கிறேன்.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

கடிகாரம். கென்யா இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊரில் காலை ஆறரைக்கு எழும் பிள்ளை, அங்கே முதல் சில நாட்களுக்கு நாலு மணிக்கே கண் விழித்துவிடும். வண்டியில் விலங்கு பார்க்க ஆறு மணிக்குக் கிளம்பும் காலைச் சுற்றுக்கு இது பெரிய வரம். மாலைதான் பிரச்சினை. வழக்கமான மாலைச் சுற்று நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடியும். பிள்ளையின் உடம்புக்கு அது இரவு ஒன்பது மணி. முந்தைய இரவுத் தூக்கமும் கெட்டிருந்தால், சிங்கம் வரும் நேரத்தில் பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வருடம் முழுவதும் ஆறேகால், ஆறரை வாக்கில்தான் விடிவதும் இருட்டுவதும். கோடையில் மாலை நீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாகனத்தில் உட்காரும் நேரம். சென்னையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் கிடையாது. மும்பை, துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். அதாவது ஓர் இரவு ஏற்கெனவே உட்கார்ந்தே கழிந்திருக்கும். அதன்மேல் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது கடைக்குட்டியின் வயதையும், தாத்தா பாட்டியின் முழங்காலையும் பொறுத்தது.

எது நிச்சயமாகக் கண்ணில் படும். முதல் மாலையில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் சிறு பிள்ளைகள் மறுநாள் விடியலில் எழுந்து வரப் பிகு பண்ணுவார்கள். அரிய விலங்கு தேவையில்லை. வரிக்குதிரையோ ஒட்டகச்சிவிங்கியோ பக்கத்தில் நின்றாலே போதும்.

விமானம் தாமதமானால் என்ன ஆகும். திட்டம் முழுவதும் சரிந்துவிடுமா, அல்லது அரை நாள் இழப்போடு போகுமா?

மறைந்திருக்கும் செலவு. விலைப்பட்டியலில் வராத பணம், வராத களைப்பு, இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முழு ஒப்பீட்டையும் ஒரே பார்வையில் வேண்டுபவர்களுக்கு:

| வழி | நைரோபியிலிருந்து நேரம் | முதல் மாலை | மறுநாள் விடியல் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| மாரா, சாலையில் | 5 முதல் 6 மணி நேரம் | களைப்போடு ஒரு சுற்று | அருமை, உடம்பு ஒத்துழைத்தால் | சில மணி நேரத்துக்கு முழு நாள் கட்டணம் |
| மாரா, விமானத்தில் | சுமார் ஒரு மணி நேரம் | நல்ல சுற்று | அருமை | 15 கிலோ வரம்பு, வண்டியைப் பகிர்வது |
| நைரோபி தேசியப் பூங்கா | நகரத்துக்குள்ளேயே | அரை நாள் சுற்று | அங்கேயே வைத்துக்கொண்டால் நன்று | போக்குவரத்து நெரிசல், யானை இல்லை |
| நைவாஷா ஏரி | ஒன்றரை முதல் 2 மணி நேரம் | படகு, நடை | படகு, சைக்கிள் | மாராவில் ஓர் இரவு குறையும் |
| அம்போசெலி | சுமார் 4 மணி நேரம் | யானைக் கூட்டம் | கிளிமஞ்சாரோவும் யானையும் | தூசி, பிறகு மாராவுக்கு நெடும்பயணம் |

## இறங்கிய அன்றே மாரா, சாலை வழியாக

அதிகம் விற்கப்படும் திட்டம் இதுதான். நைரோபியை விட்டு மேற்கே போனால் ஒரு மணி நேரத்தில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பு வந்துவிடும். அங்கே எல்லா வண்டியும் நிற்கும், எல்லோரும் படம் எடுப்பார்கள். பிறகு வளைந்து வளைந்து மாய் மாஹியூ ஊருக்கு இறங்கும் பாதை. அந்த இறக்கத்தில் சாலையோரமாக ஒரு குட்டித் தேவாலயம் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சாலையை அமைத்த இத்தாலியப் போர்க்கைதிகள் 1942-இல் கட்டியது. அப்புறம் நாரோக் ஊர், அங்கே சாப்பாடு, எரிபொருள். அதைத் தாண்டி மாரா காப்பகத்தின் செகெனானி வாசல். மொத்தம் 270 கிலோமீட்டர் அளவுக்கு வரும். நாரோக்கிலிருந்து செகெனானி வரையுள்ள சாலை ஒரு காலத்தில் எலும்பை முறிக்கும் பாதையாக இருந்தது. இப்போது தார் போட்டுவிட்டார்கள்.

சாலை நன்றாக இருக்கிறது, காட்சியும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் இரவு விமானத்தில் வந்த குடும்பத்துக்கு இதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். காலை ஆறு மணிக்கு விமானம் இறங்கினாலும் பெட்டி எடுத்து வெளியே வர எட்டாகிவிடும். மாரா போய்ச் சேரும்போது மதியம் இரண்டு. சாப்பிட்டு முடித்த கையோடு நாலு மணிச் சுற்றுக்கு எழுப்புவார்கள். மாய் மாஹியூ வளைவுகளில் வாந்தி எடுத்த பிள்ளையை மறுபடி குலுங்கும் வண்டியில் ஏற்றுவது எளிதல்ல.

பணத்தையும் பாருங்கள். மாசாய் மாரா தேசியக் காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். ஆகஸ்டில் பெற்றோர் இருவர், 12 வயதில் ஒன்று, 7 வயதில் ஒன்று என்று ஒரு குடும்பம் போனால் ஒரு நாள் கட்டணம் 450 டாலர். நாலு மணிக்கு உள்ளே நுழைந்தால் அந்த 450 டாலருக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். தொகுப்பு விலைக்குள் இது ஒளிந்திருப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. காப்பகத்துக்கு வெளியே, வாசலுக்குப் பக்கத்தில் தங்குங்கள். முதல் மாலை உள்ளே போகவே வேண்டாம். அன்று எட்டு மணிக்கே தூங்கிவிட்டு, மறுநாள் ஆறு மணிக்கு வாசலில் நின்றால் அதே கட்டணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முழுவதும் உங்களுடையது. ஏற்பாட்டாளரிடம் 'முதல் நாள் மாலைச் சுற்றை எடுத்துவிட்டு அந்த நாள் கட்டணத்தைக் கழியுங்கள்' என்று தைரியமாகக் கேட்கலாம். உள்ளே தங்குபவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் கிளம்பும் நாளன்று காலை பத்து மணிக்குள் வாசலைத் தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணமும் கேட்பார்கள்.

இந்த வழி பொருந்துவது யாருக்கு? முந்தைய நாளே நைரோபி வந்து ஒரு நல்ல இரவு தூங்கியவர்களுக்கு. பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு. இவர்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பயணமே ஒரு சுற்றுலாவாகிவிடும்.

## அதே மாரா, சின்ன விமானத்தில்

நைரோபியில் சர்வதேச விமான நிலையம் வேறு, வில்சன் விமான நிலையம் வேறு. மாராவுக்கான சின்ன விமானங்கள் கிளம்புவது வில்சனிலிருந்து. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கீக்கோரோக், ஓல் கியோம்போ, முசியாரா போன்ற ஏதாவது ஒரு மண் ஓடுதளத்தில் இறக்கிவிடுவார்கள். ஓடுதளத்தின் ஓரத்தில் விடுதி வண்டி காத்திருக்கும். அங்கிருந்து விடுதிக்குப் போகும் வழியே முதல் சஃபாரி. வரிக்குதிரை, டோப்பி மான், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அந்த அரை மணி நேரத்திலேயே வந்துவிடும். பிள்ளைகளின் முகத்தில் தெரியும் அந்த ஆச்சரியத்துக்காகவே இந்த வழியை எனக்குப் பிடிக்கும். ஆறு மணி நேரம் ஜன்னலோரத்தில் தூங்கி வழிந்துவிட்டு வருவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

செலவுக் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். டிக்கெட் விலை மட்டும் செலவல்ல. ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் கைப்பை உட்பட, அதுவும் சக்கரம் வைத்த கடினப் பெட்டி இல்லாமல் மெத்தென்ற பையில். ஊரிலிருந்து 23 கிலோ பெட்டியோடு வந்தவர்கள் மீதியை நைரோபியில் எங்காவது வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். அடுத்து, சாலை வழியில் வந்தால் உங்கள் வண்டியும் ஓட்டுநரும் பயணம் முழுக்க உங்களுடையவர்கள். விமானத்தில் போனால் விடுதி வண்டியை மற்ற விருந்தினரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். நாலு வயதுப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். பிள்ளை ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாலும், பசி என்று அழுதாலும், வண்டியில் இருக்கும் மற்றவர்கள் சிங்கத்துக்காக இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கத் தயாராக இருப்பார்கள். தனி வண்டி கேட்டால் தருவார்கள், அதற்குத் தனிப் பணம்.

இணைப்பு நேரத்தையும் கவனியுங்கள். இந்த ஓடுதளங்களில் பகல் வெளிச்சத்தில்தான் விமானம் இறங்கும். உங்கள் சர்வதேச விமானம் தாமதமாகி, மதிய விமானத்தையும் விட்டுவிட்டால் அன்று அவ்வளவுதான். நைரோபியில் அறை எடுக்க வேண்டும், மாராவில் கட்டிய அறையும் வீணாகும். காலையில் இறங்கி மதிய விமானம் பிடிப்பதுபோல் ஐந்தாறு மணி நேர இடைவெளி விட்டால் பயமில்லை.

மொத்தமே மூன்று, நாலு இரவு மட்டும் உள்ளவர்களுக்கும், நீண்ட சாலைப் பயணம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களோடு போகிறவர்களுக்கும் இதுவே நல்ல வழி. இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் காப்பகத்தை ஒட்டியுள்ள சமூகப் பாதுகாப்பு நிலங்களில் தங்கலாம். நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்றவை மாசாய் இனக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து உருவானவை. வண்டிகளின் எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு உண்டு. இரவுச் சுற்றும் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் சில முகாம்கள் சிறு பிள்ளைகளை ஏற்பதில்லை. பணம் கட்டும் முன்பே வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

## நைரோபி தேசியப் பூங்கா

1946-இல் தொடங்கிய இது கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பளவு 117 சதுர கிலோமீட்டர். தலைநகரின் கட்டடங்கள் பின்னால் நிற்க, முன்னால் காண்டாமிருகம் மேயும். மூன்று பக்கம் வேலி, தெற்குப் பக்கம் மட்டும் சமவெளியை நோக்கித் திறந்திருக்கிறது. சிங்கம், காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. கறுப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க மாராவைவிட இங்கே வாய்ப்பு அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. பூங்காவின் நடுவே உயரமான தூண்கள் மீது ரயில் பாதை போகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு மேலே ரயில் போவதைப் பையன்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பாதையைப் போடக் கூடாது என்று இயற்கை ஆர்வலர்கள் கடுமையாகப் போராடியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தந்தம் எரித்த இடமும் இங்கேதான் இருக்கிறது. 1989-இல் அன்றைய அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்தை இங்கே தீயிட்டார். 2016-இல் 105 டன் எரிக்கப்பட்டது. விற்றால் கோடிக்கணக்கில் போகும் பொருளை ஏன் எரிக்க வேண்டும் என்று பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும். அந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

குறை என்ன? இந்தப் பூங்காவில் காட்டு யானை இல்லை. அதற்கு ஈடாகப் பக்கத்திலேயே ஷெல்ட்ரிக் யானைக் குட்டிகள் காப்பகம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைக் காலை 11 முதல் 12 மணி வரை பார்க்கலாம். முன்பதிவு இல்லாமல் போக முடியாது, இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். நைரோபியின் லங்காட்டா பகுதியில் உள்ள ஒட்டகச்சிவிங்கி மையத்தில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தீனி கொடுக்கலாம். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடலாம் என்று வரைபடம் சொல்லும். நைரோபி போக்குவரத்து அதற்கு விடாது. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசு வனத்துறையின் பூங்காக்களில் வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை, இணையத்தில் முன்பே கட்ட வேண்டும். கட்டணமும் அண்மையில் மாற்றத்துக்கு உள்ளானது. அதனால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள தொகையை நம்பாமல் அரசுத் தளத்தில் பாருங்கள்.

காலை இறங்குகிறவர்களுக்கு அறை மதியம்தான் கிடைக்கும். அந்த இடைவெளியை நிரப்ப இந்தப் பூங்காவைப் போடுவது வழக்கம். நான் அதை வேறு மாதிரி செய்யச் சொல்வேன். இறங்கிய நாள் யானைக் குட்டிகளையோ ஒட்டகச்சிவிங்கியையோ பார்த்துவிட்டு, மதியம் தூங்கி, மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நில்லுங்கள். நாலு மணிக்கே விழித்த பிள்ளைகளுக்கு அது சரியான நேரம். பத்து மணிக்கு வெளியே வந்து, அப்படியே நைவாஷாவுக்கோ நாரோக் சாலைக்கோ போய்விடலாம். விமானம் மதியமோ மாலையோ வந்து சேரும் குடும்பங்களுக்கும், தாமதத்துக்குப் பயப்படும் குடும்பங்களுக்கும் இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் இல்லை.

## நைவாஷா ஏரி

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் நேராக இந்தப் பகுதிக்கே வாருங்கள். மற்ற எல்லா இடத்திலும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் விதி. மூன்று வயதுக் குழந்தையை இரண்டு நாள் விமானத்திலும் வண்டியிலும் கட்டிப்போட்டுவிட்டு மூன்றாம் நாளும் இறங்காதே என்றால் அது என்ன செய்யும்? நைவாஷாவில் இறங்கி ஓடலாம்.

நைரோபியிலிருந்து 90 கிலோமீட்டர் அளவுதான். நன்னீர் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 1,880 மீட்டருக்கு மேல். படகில் போனால் நீர்யானைக் கூட்டம் காது மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். மீன் கழுகு நீரில் பாய்ந்து எழும். கிரசென்ட் தீவில் சிங்கம் இல்லாததால் வழிகாட்டியோடு நடந்தே போகலாம். வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் நடக்கும் அதே புல்லில் பிள்ளையும் நடக்கும். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. வாசலில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஓட்டிப் போகலாம். மழைக்காலத்தில் அங்குள்ள குறுகிய பள்ளத்தாக்குக்குள் மட்டும் இறங்க வேண்டாம். 2019-இல் திடீர் வெள்ளத்தில் அங்கே சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள்.

நீர்யானையைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அது மிக ஆபத்தான விலங்கு. இரவில் ஏரியை விட்டு வெளியே வந்து விடுதிப் புல்வெளியிலேயே மேயும். இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குக் காவலர் துணையோடுதான் போக வேண்டும். பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் ஏறாதீர்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை பக்கத்தில் போய்ப் படம் எடுக்கவும் விடாதீர்கள், உதைத்தால் எலும்பு முறியும்.

இதன் விலை என்ன? மாராவில் ஓர் இரவு குறையும். மறுநாள் மாராவுக்கு நாலைந்து மணி நேரப் பயணம் இருக்கிறது. படகு, தீவு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம், தொகுப்பில் எது சேர்ந்திருக்கிறது என்று வரிவரியாகக் கேட்க வேண்டும். சிங்கம், சிறுத்தை போன்ற பெரும் பூனைகளை எதிர்பார்த்து வரும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த முதல் நாள் சப்பென்று இருக்கலாம். நான் வைத்த அளவுகோலில் பார்த்தாலும் இரண்டாம் நாள் விடியலில் இங்கே சிங்கம் கிடைக்காது. ஆனால் ஆறரை மணிக்குப் படகில் ஏறினால் காற்றில்லாத ஏரி, கொத்துக் கொத்தாய்ப் பறவைகள். ஒன்பதுக்கு மாராவுக்குக் கிளம்பிவிடலாம். நீண்ட பயணம் இரண்டு துண்டாகிவிடுவதால், மாராவில் இறங்கும்போது பிள்ளைகளின் உடம்பு கென்ய நேரத்துக்குப் பழக ஆரம்பித்திருக்கும்.

## அம்போசெலி

ஐந்து இரவுக்கு மேல் கையில் இருந்தால், ஆறேழு வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால், நான் முதல் நாளுக்குத் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

காரணம், யானை. மற்ற இடங்களில் யானையைத் தேடிப் போக வேண்டும். 392 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தச் சிறிய பூங்காவில் யானை உங்களைத் தாண்டிப் போகும். கிளிமஞ்சாரோவில் விழும் மழையும் உருகும் பனியும் நிலத்தடியில் ஊறிவந்து இங்கே சதுப்பு நிலங்களாக வெளிப்படுகின்றன. பகலில் யானைகள் வயிறு வரை அந்தச் சதுப்பில் நின்று புல் மேயும். மாலையில் குட்டிகளை நடுவில் விட்டுக் கூட்டம் கூட்டமாக வெட்டவெளியைக் கடந்து போகும். அவற்றைத் தேடி அலையத் தேவையில்லாத முதல் மாலை என்பது களைத்த குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய உதவி! ஒரு மணி நேரம் போதும், அறைக்குத் திரும்பிவிடலாம். சிந்தியா மாஸ் என்ற ஆய்வாளர் 1972 முதல் இங்குள்ள யானைக் குடும்பங்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பதிவு செய்துவருகிறார். எந்த யானை யாருக்கு அக்கா, எது பாட்டி என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டால், பிள்ளைகள் மறுநாள் அதே குடும்பத்தைத் தேடச் சொல்வார்கள்.

மறுநாள் விடியல் இன்னும் நன்றாக இருக்கும். 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் இருந்தாலும், இந்தப் பக்கத்திலிருந்து முழுமையாகத் தெரியும். பகல் ஏற ஏற மேகம் மூடிவிடும். அதிகாலையில்தான் பனிமுடியோடு தெளிவாக நிற்கும். நாலு மணிக்கு எழுந்துவிட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே நேரத்தோடு வந்து நிற்பார்கள்.

குறைகளும் சிறியவை அல்ல. வறண்ட மாதங்களில் தூசி மாவு போலப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர் குடும்பத்தில் இருந்தால் இது வேண்டாம். மொம்பாசா சாலையில் லாரிகள் அதிகம். எமாலி ஊரில் திரும்பும் வரை பயணம் மெதுவாகத்தான் போகும். பெரிய குறை புவியியல். அம்போசெலி நைரோபிக்குத் தென்கிழக்கே இருக்கிறது, மாரா மேற்கே. இங்கிருந்து ஒரே நாளில் சாலையில் மாராவுக்குப் போவது பகல் முழுவதையும் தின்றுவிடும். நடுவில் நைரோபியிலோ நைவாஷாவிலோ ஓர் இரவு வைக்க வேண்டும், அல்லது வில்சன் வழியாக விமானம் மாற வேண்டும். ஐந்து இரவுக்கு மேல் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். நாலு இரவில் அம்போசெலியும் மாராவும் என்று யாராவது திட்டம் தந்தால் அதில் பாதி நாள் சாலையில்தான் போகும்.

## எந்த மாதம் போகிறீர்கள்?

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையை வைத்துப் பார்த்தால் தேர்வு மாறுகிறது. ஏப்ரல், மே கோடை விடுமுறை கென்யாவின் நீண்ட மழைக்காலத்தில் விழுகிறது. மார்ச் முதல் மே வரை மழை. மாராவில் கட்டணம் பாதி, விடுதி விலையும் குறைவு, கூட்டமும் இல்லை. ஆனால் அங்கே பல இடங்களில் கரிசல் மண். நனைந்த கரிசலில் வண்டி என்ன ஆகும் என்று கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் மேற்கூரை திறக்கும் வேன் வேண்டாம், நாலு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர்தான் வேண்டும். முதல் நாள் நைரோபி அல்லது நைவாஷா. முடிந்தால் பயணத்தை மே கடைசிக்குத் தள்ளுங்கள்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் போனால் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வந்த வில்டபீஸ்ட் என்ற மான் இனக் கூட்டம் பெரும்பாலும் இன்னும் மாராவில் இருக்கும். விடுமுறை குறைவு, காட்சி பெரிது. அப்போது சின்ன விமானத்துக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. டிசம்பரில் குறு மழை முடிந்து பசுமையாக இருக்கும், விலைதான் கிறிஸ்துமஸை ஒட்டி ஏறிவிடும்.

## எந்த வழியானாலும் வரும் செலவுகள்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது போடுவதில்லை. அறுபது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. தாத்தா பாட்டிக்கு டிக்கெட் எடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். மலேரியா மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேளுங்கள். உயரத்தில் இருக்கும் நைரோபியில் ஆபத்து குறைவு, மாராவிலும் அம்போசெலியிலும் அப்படி இல்லை.

கென்யாவுக்குள் நுழைவதற்கான மின்னணுப் பயண அனுமதி கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை. முறுக்கையும் சப்பாத்தியையும் துணிப் பையிலும் டப்பாவிலும் கட்டுங்கள். பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் 2020 முதல் அனுமதி இல்லை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து யாரும் ஸ்வெட்டர் எடுப்பதில்லை. காலை ஆறு மணிக்குத் திறந்த கூரையில் நிற்கும்போது ஊட்டிக் குளிர்தான். சைவச் சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், கென்யாவில் சப்பாத்தி அன்றாட உணவு, விடுதிகளிலும் பருப்பு, காய்கறி கிடைக்கும். ஓட்டுநருக்கும் விடுதி ஊழியருக்கும் தரும் அன்பளிப்பு எந்தத் தொகுப்பிலும் சேராது, அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

## பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதல் நாளுக்கு மாரா கட்டணம் சேர்த்திருக்கிறீர்களா, அன்று எத்தனை மணிக்கு உள்ளே நுழைவோம்? விடுதி வாசலுக்கு உள்ளேயா வெளியேயா? வண்டி எங்களுக்கு மட்டுமா? விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் முதல் இரவு எங்கே, அதன் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தருகிற ஏற்பாட்டாளரோடு மேற்கொண்டு பேசுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.